மூடிய கதவும் திறந்த பள்ளியும்

அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கறுப்பின மாணவரைச் சேர்க்க மறுத்த மாநிலங்கள் நடுவண் நிதி பெற வேண்டுமாயின் அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி நடத்த வேண்டுமென விதித்தது. ஒதுக்கலின் அடையாளமாய் எழுந்த அக்கல்லூரிகளே பின்னர் ஆசிரியர்களையும் அறிஞர்களையும் ஈன்று, அம்மக்களின் பெருமையாயின.

அத்தகைய வரலாறு நம் கடலூர் மாவட்டத்திலும் உண்டு. அதே 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். தில்லைக்குள் நுழையத் தவித்த நந்தனாரின் பெயரையே அறிவின் வாயிலுக்குச் சூட்டினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அங்கு எழுந்ததோ 1929இல்தான்.

மூடிய கதவின்முன் அழுது நில்லாது, தமக்கென வாயில் சமைத்தோரை நாம் போற்றுகிறோம். ஆயினும் அப்போற்றுதலில், கதவை மூடிய அநீதியை நாம் மறந்துவிடலாகாது.