பற்றாசின் வரலாறு: கருவியும் கைத்திறனும்

மனித வரலாற்றின் பெரும் பகுப்புகள் உலோகங்களின் பெயராலேயே அமைந்துள்ளன. செப்புக் காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்னும் வழக்குகள் மனிதன் உலோகத்தை உருக்கக் கற்ற கதையைக் கூறுவன. ஆயின், தனித்தனியாக உருவாக்கிய உலோகத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கக் கற்ற கதை அத்துணைக் கவனத்தைப் பெற்றிலது. நகரத்தின் குடிநீர்க் குழாய், கடற்பயணியின் உணவுப் பேணி, வானொலிப் பெட்டி, கணினி ஆகிய யாவும் இவ்விணைப்புக் கலையின் துணைகொண்டே உருவாயின. இக்கலையின் அடிப்படை நியதிகள் ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக மாறவில்லை; மாறியவை வெப்பத்தைக் கொடுக்கும் கருவிகளும் இணைப்புக்குப் பயன்படும் உலோகங்களுமேயாம். அவற்றைத் தெரிந்தெடுத்த ஒவ்வொரு சமூகமும், அத்தெரிவால் விளையும் கேட்டினை யார் தாங்குவது என்பதையும் உடன் தீர்மானித்தது. இக்கட்டுரை அதனையே ஆராய முற்படுகின்றது.

பற்றாசு என்பது இணைக்கப்படும் உலோகங்களைவிடக் குறைந்த வெப்பநிலையில் உருகும் ஓர் உலோகக் கலவையாகும். இணையும் துண்டுகள் உருகுவதில்லை. அவற்றுக்கிடையே பாயும் பற்றாசே உருகி, அவற்றின் மேற்பரப்போடு கலந்து, பின் இறுகுகின்றது. ஆகவே பற்றாசு வெறும் பசை போன்றதன்று. அது தொட்ட உலோகத்தோடு மெல்லிய கலப்புப் படை ஒன்றை உண்டாக்குகின்றது. இது நிகழ மூன்று நிபந்தனைகள் வேண்டும். இணையும் மேற்பரப்புகள் தூய்மையாக இருத்தல் வேண்டும். பற்றாசு மட்டுமன்றி இணையும் துண்டுகளும் போதிய சூடு பெறுதல் வேண்டும். பற்றாசு இறுகும்வரை இணைப்பு அசையாதிருத்தல் வேண்டும். வளியிலுள்ள ஒட்சிசன் சூடான உலோகத்தின்மீது ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்குவதால் முதல் நிபந்தனை எளிதில் நிறைவேறுவதில்லை. அப்படலத்தை நீக்கவும் அது மீண்டும் தோன்றாது காக்கவும் இளக்கி எனப்படும் பொருள் பயன்படுகின்றது. பட்டறை வழக்கில் இதனைப் 'பிளக்ஸ்' என்பர்.

இக்கலை பொற்கொல்லரிடமே முதலில் முதிர்ச்சி பெற்றதாகத் தெரிகின்றது. 1922 முதல் 1934 வரை மெசொப்பொத்தேமியாவின் ஊர் என்னும் பண்டை நகரில் லெனாட் வூலி நடத்திய அகழ்வுகளில், ஏறத்தாழ கி.மு. 2500ஐச் சேர்ந்த அரச கல்லறைகளிலிருந்து நுண்ணிய பொன்னணிகள் கிடைத்தன. பொற்கம்பிகளையும் பொன்மணிகளையும் உருக்குலையாது இணைக்கும் திறனை அவை காட்டுகின்றன. பிற்காலத்தில் இத்தாலியின் எத்துருசுக்கர் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் பொன்மணிகளைப் பொற்றகட்டின்மீது பதித்தனர். இதற்குப் பயன்பட்ட முறைகளுள் ஒன்று செப்புத் தாதுப் பொடியைத் தாவரப் பசையோடு குழைத்துத் தடவுவதாகும். சூடேற்றும்போது பசை கரியாகின்றது; கரி செப்புச் சேர்வையிலிருந்து ஒட்சிசனைப் பிரிக்கின்றது; எஞ்சும் செம்பு தொடும் இடத்திலுள்ள பொன்னோடு கலந்து அவ்விடத்து உருகுநிலையை மட்டும் தாழ்த்துகின்றது. கிரேக்கர் இத்தகைய செப்புத் தாதுவை 'பொற்பசை' எனப் பொருள்படும் சொல்லால் வழங்கினர்.

தமிழ்ப் பொற்கொல்லர் மரபும் இந்நியதிகளை நன்கறிந்திருந்தது. பொன்னோடு வெள்ளியும் செம்பும் கலந்து உருகுநிலையைத் தாழ்த்திய பற்றாசினைப் பொடியாக்கி இணைப்பின்மீது இடுதல், வெங்காரத்தை இளக்கியாகக் கொள்ளுதல், ஊதுகுழலால் சுவாலையைக் குவித்து வேண்டிய இடத்தில் மட்டும் சூடேற்றுதல் ஆகியன அம்மரபின் கூறுகள். உள்ளர்த்தம் வைத்துப் பேசுவதைப் 'பொடி வைத்துப் பேசுதல்' என்னும் வழக்கு இத்தொழிலிலிருந்து பிறந்ததாகக் கூறுவர். ஊதுகுழல் மிக எளிய கருவி எனினும், அதனைக் கொண்டு வெப்பத்தின் அளவையும் இடத்தையும் கட்டுப்படுத்தியது கைவினைஞனின் மூச்சேயாம். பிற்காலக் கருவிகள் யாவும் அக்கட்டுப்பாட்டை வேறு வழிகளில் அடைய முயன்றவையே.

பொன்னுக்குரிய பற்றாசு உருகுவதற்குப் பெருஞ்சூடு வேண்டும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த மென்பற்றாசோ சிறு கரியடுப்பின் சூட்டிலேயே உருகவல்லது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும் காரீயம் 327 பாகையிலும் உருகுகின்றன. ஆயின் ஏறத்தாழ 62 பங்கு வெள்ளீயமும் 38 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 பாகையிலேயே உருகிவிடும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனி உருகுநிலைகளுக்குக் கீழேயே உருகும் என்னும் இவ்விந்தையே மென்பற்றாசின் உயிர்நாடியாகும். இக்கலவையை உரோமர் பெருமளவிற் பயன்படுத்தினர். கி.பி. 79இல் வெசூவியசு எரிமலைச் சீற்றத்தின்போது இறந்த பிளினி, தமது இயற்கை வரலாற்று நூலில், இரு பங்கு காரீயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை குழாய்களை இணைக்கப் பயன்பட்டதாகக் குறித்துள்ளார். இவ்விகிதம் தற்செயலாக அமைந்ததன்று. இக்கலவை ஆறும்போது ஒரேயடியாக இறுகாமல் நெடுநேரம் களிம்புபோல் இருக்கும். அந்நிலையில் கொழுப்புத் தடவிய தடித்த துணியால் அதனை வழித்து, குழாய் மூட்டைச் சுற்றித் தடித்த உருண்டையாக வடிவமைக்கலாம். பிற்கால ஐரோப்பியக் குழாய்த் தொழிலாளர் இருபதாம் நூற்றாண்டு வரையும் இம்முறையைக் கையாண்டனர்.

உரோமக் குழாய்கள் சிலவற்றில் அவற்றைச் செய்த ஈயத் தொழிலாளரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அவர்தம் உடல்நிலை பற்றிய செய்தி வேறோரிடத்தில் கிடைக்கின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டினரான விற்றுரூவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், ஈயக் குழாய்களைவிடச் சுடுமண் குழாய்களே உடலுக்கு நல்லவை என வாதிட்டார். அதற்குச் சான்றாக அவர் காட்டியது ஈயத் தொழிலாளரின் வெளிறிய மேனியையாகும். காரீயத்தின் கேடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது என்பதும், அவ்வறிவு தொழிலாளியின் உடலிலிருந்தே பெறப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கன. அறிவு இருந்தும் வழக்கம் மாறவில்லை. ஈயம் மலிவானது, வளைப்பதற்கு எளியது, அதன் கேடோ மெதுவாக வெளிப்படுவது.

தகர வேலையில் பற்றாசுக்கோல் முதன்மை பெற்றது. 'சோல்டறிங் அயன்' என்பதிலுள்ள 'அயன்' இரும்பைக் குறிப்பினும், பழைய கோலின் வேலைசெய்யும் முனை செப்புக் கட்டியேயாகும். இரும்புத் தண்டும் மரக்கைப்பிடியும் அதனைத் தாங்குவன. செம்பு வெப்பத்தை விரைவாகக் கடத்துவதோடு பற்றாசினையும் எளிதில் ஏற்கின்றது. கரியடுப்பில் இட்ட செப்பு முனையைச் சூழ்ந்து பச்சைச் சுவாலை தோன்றுமாயின் சூடு போதுமென்பது தகர வேலையாளரின் கணிப்பு. உடனே முனையை நவச்சாரத்தில் தேய்த்து அதன்மீது பற்றாசு பூசிக்கொள்வர். இவ்வாறு முனைக்கு ஈயம் பூசாதவிடத்து அது கறுத்து ஒட்சைட்டால் மூடப்பட்டுச் சூட்டைக் கடத்தாது போகும். கோலின் நிறையும் வேலைக்கேற்பத் தெரியப்பட்டது. பெரிய தகட்டுக்குச் சிறு கோலை வைத்தால் தகடு சூட்டை உறிஞ்ச, கோல் ஆறிவிடும்; நுண்ணிய வேலைக்குப் பெருங்கோலை வைத்தால் பொருளே பழுதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கோல் உணவுத் தொழிலினுள் நுழைந்தது. 1810இல் பீற்றர் டூரான்ட் என்பவர் உணவைத் தகரப்பேணியில் அடைத்துக் காக்கும் முறைக்குப் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்றார். பேணியின் பக்கப் பொருத்தும் இரு முனைகளும் ஈயப் பற்றாசினால் கையாலேயே மூடப்பட்டன. 1845இல் சேர் ஜோன் பிராங்கிளின் தலைமையில் வடதுருவக் கடல்வழி தேடிப் புறப்பட்ட இரு கப்பல்கள் ஏறத்தாழ 8,000 பேணிகளை ஏற்றிச் சென்றன. வடகடலுள் நுழைந்த 129 பேருள் ஒருவரேனும் திரும்பவில்லை. 1984இலும் 1986இலும் கனேடிய மானிடவியலாளர் ஓவன் பீற்றியும் அவர்தம் குழுவினரும் பீச்சித் தீவின் உறைபனியிற் புதைந்திருந்த மூவரின் உடல்களை ஆராய்ந்தபோது, அவற்றில் மிகுந்த ஈயம் இருப்பதைக் கண்டனர். பேணிகளின் பற்றாசே காரணம் என்ற முடிவு அப்போது பரவியது. பின்வந்த ஆய்வாளர் சிலர், அக்கால மக்கள் பல வழிகளிலும் ஈயத்தை உட்கொண்டவர்களே எனச் சுட்டி, பேணிகள் மட்டுமே அழிவுக்குக் காரணமாகா என வாதிட்டனர். எவ்வாறாயினும் உணவோடு ஈயம் நெருங்கியிருந்த நிலை நெடுங்காலம் நீடித்தது. விளிம்புகளை மடித்து இறுக்கி, பற்றாசின்றியே முனைகளை மூடும் பேணிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருவாகியிருந்தும், ஐக்கிய அமெரிக்கா ஈயப் பற்றாசிட்ட உணவுப் பேணிகளை 1995இலேயே முற்றாகத் தடைசெய்தது. குடிநீர்க் குழாய்களில் ஈயப் பற்றாசினை அந்நாடு 1986இல் தடுத்தது.

மின்சாரம் இக்கலையை வேறொரு தளத்துக்கு இட்டுச் சென்றது. தந்தி, தொலைபேசி, வானொலி ஆகியவற்றின் மெல்லிய கம்பிகளுக்குத் தகர வேலையாளரின் அமில இளக்கி பொருந்தவில்லை. மிஞ்சிய அமிலம் நாளடைவில் கம்பியை அரித்துவிடும். எனவே பைன் மரப்பிசின் இளக்கியாயிற்று. பிசினை உள்ளீடாகக் கொண்ட பற்றாசுக் கம்பி வழக்குக்கு வந்தது. ஜேர்மனியில் ஏர்ன்ஸ்ற் சக்ஸ் 1921இல் நிறுவிய தொழிலகம் மின் பற்றாசுக்கோலைத் தொழிற்சாலைக் கருவியாக்கியது. அமெரிக்காவில் வானொலி திருத்துநரான கார்ல் வெல்லர், கோல் சூடாகும்வரை காத்திருக்கும் தாமதத்தைப் போக்க எண்ணி, 1940களில் துப்பாக்கி வடிவக் கருவியை அறிமுகப்படுத்தினார். அதனுள் உள்ள மின்மாற்றி தாழ்ந்த மின்னழுத்தத்தில் பெரும் மின்னோட்டத்தை முனையின் செப்புக் கம்பி வளையத்துக்கூடாகச் செலுத்த, அது சில கணங்களிற் சூடாகின்றது. பின்னர் வந்த கோல்கள் முனையின் வெப்பநிலையைத் தாமே அளந்து கட்டுப்படுத்தின. ஒரு காலத்தில் பச்சைச் சுவாலையைக் கண்டு கணித்த அறிவு இவ்வாறு கருவியின் உள்ளே குடிபுகுந்தது.

இன்று கருவியைத் தெரிவோர்க்கும் பழைய கேள்வியே வழிகாட்டுகின்றது: எவ்விடத்துக்கு, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? மின்சுற்றுப் பலகையின் நுண்ணிய உறுப்புகளுக்கு 25 முதல் 40 உவாற்று வரையான சிறு கோலோ, அதனினும் சிறப்பாக வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட கோலோ பொருந்தும். தடித்த தகட்டுக்கு 100 உவாற்றுக்கு மேற்பட்ட கோல் வேண்டும். துப்பாக்கி வடிவக் கருவி தடித்த கம்பிகளுக்கு ஏற்றதெனினும் நுண்ணிய உறுப்புகளுக்கு உகந்ததன்று. முனை ஊசிபோற் கூராக இருத்தல் நன்றென்பது புதியோரின் எண்ணம். உண்மையில் உளிபோல் தட்டையான முனையே இணைப்பைப் பரந்து தொட்டு விரைவாகச் சூடேற்றும். இக்கால முனைகளின் செம்பு இரும்புப் படையால் மூடப்பட்டுள்ளது. செம்பு உருகிய வெள்ளீயத்திற் சிறிது சிறிதாகக் கரைவதே இதற்குக் காரணம். ஆகவே பழைய செப்பு முனையைப்போல் இதனை அரத்தால் அராவுதல் ஆகாது.

வேலை செய்யும் முறையும் முன்னர்க் கூறிய மூன்று நிபந்தனைகளையே தழுவியது. முனையைத் துடைத்துச் சிறிது பற்றாசு பூசியபின், கம்பியையும் பலகையின் செப்புத் தடத்தையும் அது ஒருங்கே தொடுமாறு வைத்தல் வேண்டும். ஓரிரு கணங்களுக்குப் பின் பற்றாசினைக் கோலின்மீதன்றிச் சூடான இணைப்பின்மீது தொடுவித்தல் வேண்டும். இணைப்பு தன் சூட்டினாலேயே பற்றாசினை உருக்குமாயின் அது நன்கு பரவிப் பற்றும். முதலிற் பற்றாசினையும் பின்னர் கோலையும் எடுத்து, இறுகும்வரை அசையாது காத்தல் வேண்டும். கோலில் உருக்கிய பற்றாசினைக் குளிர்ந்த கம்பிமீது சொட்டவிட்டால், அது தாமரையிலைத் தண்ணீர்போல் ஒட்டாது உருண்டு நிற்கும். வெளித்தோற்றத்தில் இணைந்தது போலிருந்து, பின்னொரு நாள் கருவியைச் செயலிழக்கச் செய்யும் இக்குறையைக் குளிர் இணைப்பு என்பர்.

ஈயத்தின் கேடு இறுதியில் மின்னணுத் தொழிலிலும் சட்டத்தின் கவனத்துக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டளை 2006 ஜூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான மின் கருவிகளில் ஈயப் பற்றாசு விலக்கப்பட்டது. 96.5 பங்கு வெள்ளீயமும் 3 பங்கு வெள்ளியும் 0.5 பங்கு செம்பும் கொண்ட கலவை பரவலாக அதன் இடத்தைப் பெற்றது. அது உருகுவதற்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டுமாதலின் கருவிகளின் சூடும் உயர்ந்தது. ஈயம் நீங்கியதனால் கேடு முற்றாக நீங்கிவிட்டதென்று கொள்ளுதல் தவறாகும். ஈயப் பற்றாசில் முதன்மையான அபாயம் கையில் ஒட்டிய ஈயம் உணவோடு உட்செல்வதாகும். கைகழுவுதல் அதற்குக் காப்பு. பிசின் இளக்கியின் புகையோ ஈயமற்ற வேலையிலும் எழுகின்றது. அதனை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளரிடையே ஆஸ்துமா தோன்றுவது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு பட்டறையில் இல்லாதவிடத்துப் புதிய பற்றாசும் பழைய கதையையே தொடரும். மேலும், விலக்கப்பட்ட ஈயம் பழைய பலகைகளில் எஞ்சியிருந்தது. சீனாவின் குய்யூவில் 2000களில் தொழிலாளர் அப்பலகைகளை நிலக்கரி அடுப்பின்மீது சூடாக்கிப் பற்றாசினை உருக்கி உறுப்புகளைப் பிரித்தெடுத்தனர். அவ்வூர்ச் சிறுவரின் குருதியில் ஈயத்தின் அளவு மிகுந்திருந்ததை ஆய்வுகள் வெளிப்படுத்தின. செல்வந்த நாடுகளின் கருவிகளை இணைத்த ஈயம், அக்கருவிகள் கழிவானபின் வறியோரின் பிள்ளைகளைச் சென்றடைந்தது.

தொகுத்து நோக்குமிடத்து, ஊர் நகரத்துப் பொற்கொல்லனையும் இன்றைய மின்னணுத் தொழிலாளியையும் ஒரே கைத்திறன் பிணைக்கின்றது. தூய்மை, தக்க சூடு, அசையாமை என்னும் மூன்றையும் இருவரும் கற்றாக வேண்டும். கருவி மேம்பட மேம்பட இத்திறனைக் கற்பது எளிதாயிற்று. அதற்காகக் கருவியைக் கண்டவர்கள் போற்றுதற்குரியர். ஆயின் ஈயத்தொழிலாளியின் வெளிறிய முகத்தை விற்றுரூவியஸ் கண்டு எழுதியதற்கும் உணவுப் பேணியிலிருந்து ஈயம் விலக்கப்பட்டதற்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தன. அத்தாமதத்துக்கு அறிவின்மை காரணமன்று. கேடு பட்டறையினுள் அடங்கியிருந்தவரை சமூகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. நுகர்வோரின் உணவையும் நீரையும் அது தொட்டபோதே சட்டம் விழித்துக்கொண்டது. தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் கருவியைக் கண்டவரின் பெயரோடு, அதனைக் கையாண்டவரின் உடல்நிலையையும் சேர்த்து எழுதும்போதே அவ்வரலாறு நிறைவு பெறும்.