டசார் பட்டுக்கூடு

அந்தீரியா மைலிட்டா என்னும் காட்டுப் பட்டுப்பூச்சியின் புழு, கூட்டுப்புழுவாக மாறுமுன் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் உறையே டசார் பட்டுக்கூடு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் நீர்மருது, கருமருது, சால மரங்களின் இலையைத் தின்று வளரும் புழு இது. மல்பெரிப் புழுவைப்போல் வீட்டுக்குள் தட்டில் வளர்வதில்லை. மழைக்காலம் முடிந்து கட்டும் கூட்டுக்குள் இருக்கும் உயிர், அடுத்த மழைவரை மாதக்கணக்கில் உறங்கியாக வேண்டும். பனி, கோடை வெயில், பறவை, எறும்பு எல்லாவற்றையும் கூடுதான் தாங்க வேண்டும்.

முதலில் கண்ணில் படுவது காம்பு. புழு சிறுகிளையைச் சுற்றிப் பட்டாலேயே ஒரு வளையம் போட்டு, அதிலிருந்து காம்பு இறக்கி, அதன் நுனியில் கூட்டைக் கட்டுகிறது. இலை உதிர்ந்தாலும் கூடு விழாது. முட்டை வடிவம், நீளம் 4 முதல் 5 செ.மீ.; நிறம் மஞ்சள் அல்லது சாம்பல். விரலால் சுண்டினால் காய்ந்த ஓட்டைத் தட்டியதுபோல் ஒலிக்கும்.

இந்தக் கடினத்துக்கு இழை மட்டும் காரணமன்று. செரிசின் என்னும் பசைப்புரதம் மல்பெரிக் கூட்டில் ஏறக்குறைய 25 விழுக்காடு; டசாரில் அதில் பாதி அளவே. ஆனால் அந்தப் பசையோடு டானின்களும் கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் சேர்ந்து இழைகளை இறுக்குகின்றன. மல்பெரிக் கூடு வெந்நீரிலேயே இளகிவிடும். டசாருக்குச் சோடா போன்ற காரமோ நொதியோ வேண்டும். காட்டுப்பட்டுக் கூடுகளின் தாது உப்பை நீக்கினால் இழையைக் கெடுக்காமலே நூற்கலாம் என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினர்.

இழையின் அடிப்படைப் புரதமான ஃபைப்ராயினிலும் வேறுபாடு உண்டு. மல்பெரிப் பட்டில் கிளைசின் மிகுதி. டசாரில் அலனின் மிகுதி, அதுவும் வரிசை வரிசையாக. இழை நாடாபோல் தட்டையானது, மல்பெரி இழையைவிடப் பலமடங்கு தடித்தது, உள்ளே நுண்துளைகள் கொண்டது. அறுபடாமல் கூடுதலாக நீளும். உயிரணுக்கள் பற்றிக்கொள்ளும் ஆர்ஜினின்–கிளைசின்–அஸ்பார்டிக் அமிலத் தொடர் இதில் இயல்பாகவே இருப்பதால் திசுப் பொறியியலிலும் இதை ஆராய்கிறார்கள்.

இத்தனை உறுதியான கூட்டிலிருந்து மென்மையான பூச்சி வெளிவரும் விதம் வியப்பானது. கடிக்க அதற்கு வாயில்லை. ககூனேஸ் என்னும் நொதியால் பசையை மட்டும் கரைத்து, இழைகளை விலக்கிக்கொண்டு வருகிறது. துளைபட்ட கூடுகளிலிருந்து கிச்சா என்னும் சொரசொரப்பான நூல் எடுக்கப்படுகிறது.

ஹரப்பாவில் கிடைத்த 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய இழைத் துணுக்குகளில் அந்தீரியா இனப் பட்டு இருப்பது 2009-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இத்தனை பழைய பட்டானாலும், கூட்டின் கடினத்துக்கு இன்றுவரை விலை கொடுப்பவர்கள் நூற்கும் பெண்கள்: வேகவைத்த கூட்டின் இழைகளை வெறுந்தொடையில் தேய்த்து முறுக்கித் தோல் புண்ணாகிறவர்கள். இதற்கு மாற்றாக மத்தியப் பட்டு வாரியம் 'புனியாத்' என்னும் நூற்பு இயந்திரத்தை வழங்கிவருகிறது. டசார் புடவை வாங்குவோர், நூல் எப்படி எடுக்கப்பட்டது என்று கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.