நன்கு நிறுவப்பட்ட அச்சம்

1987 டிசம்பரில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை ஆறு ஈழத்தமிழரின் வழக்கில் தீர்ப்புக் கூறியது. சிவகுமாரன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒருவர் பயப்படுவது மட்டும் போதாது, பயத்துக்குப் புறவயமான ஆதாரம் வேண்டும் என்பதே சாரம். அடுத்த பெப்ரவரியில் ஐவர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1989இல் மேன்முறையீட்டு நடுவர் ஒருவர் அவர்களின் அச்சம் நியாயமானதே என்றார், திரும்பி வந்தார்கள்.

உடம்பு ஆதாரம் கேட்டுப் பயப்படுவதில்லை.

அந்த ஆண்டுகளில் என் சித்தப்பா ஈஸ்ட் ஹாமில், பார்க்கிங் ரோட்டுக்குப் பக்கத்தில், ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தார். இரவில் பெற்றோல் செட்டில் வேலை. பகலில் நித்திரை, அதுவும் தபால்காரர் வரும்வரைதான். ஹோம் ஒஃபிஸ் கடிதம் வந்ததா என்று பார்க்க எழும்பிவிடுவார். விடியப்புறம் மூன்று மணிக்குக் கோலாவும் பிஸ்கற்றும். நித்திரை குறைந்தால் கோர்ட்டிசோல் ஏறும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது, இனிப்பில் நாட்டம் கூடும். சீனி ஏறிய உடம்பு களைக்கும். களைத்தவர் நடக்கமாட்டார், ஆட்களோடு கதைக்கவும் மாட்டார். யோசனை இன்னும் கூடும். டொக்டர் “சோற்றைக் குறையுங்கோ” என்றார். நித்திரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இதே லண்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, கீழ்நிலை அரச ஊழியர்களிடையே இதயநோய் மரணங்கள் அதிகம் என்றும், புகைத்தல் முதலியவை அந்த வித்தியாசம் முழுவதையும் விளக்கவில்லை என்றும் காட்டியது. அரச ஊழியர்களின் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

சித்தப்பாவுக்கு 1994இல் விசா கிடைத்தது. சீனி வருத்தம் அதற்கு முன்பே வந்திருந்தது. தபால் நேரத்துக்கு எழும்புவதை அவர் இன்னும் விடவில்லை.