மானாம்பதி அடுப்படிகளின் வரலாறு

மானாம்பதிப் பக்கத்து வீடுகளில் இருந்தது கொடியடுப்பு. பெரிய குழியில் சோறு கொதிக்கும். பக்கத்துக் குழிக்குத் தாவும் அனலில் குழம்பு சுண்டும். வேலிக்காத்தான், சவுக்கு மிலாறு, வறட்டி, மல்லாட்டைத் தோல் என்று கிடைத்ததெல்லாம் எரிந்தது. நெல்லை வீட்டிலேயே அவித்த காலத்தில், அறுப்பு முடிந்தால் அடுப்பு அணையாது. கூரை வீட்டில் புகைக்கூண்டு ஏது? ஓலை இடுக்குதான் வழி. புகை பட்டால் கூரையில் பூச்சி அண்டாது என்று அதை நல்லதாகவே நினைத்தோம்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் அமைப்பாளராக இருந்தவள் நான். பிள்ளைகளின் பசி தீர்ந்தது. அந்த நன்மையைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்த ஆயாக்கள் வீட்டில் ஒரு புகை, பள்ளியில் ஒரு புகை என்று இரண்டு அடுப்புகளின் புகையைச் சுவாசித்தார்கள்.

மத்திய அரசு 1983 வாக்கில் புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. அடுப்பு வந்தது, கூரைக்கு மேலே குழாயும் வந்தது. குழாயில் கரி அடைத்தபோது பழுது பார்க்கத்தான் ஆளில்லை. பலர் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். 2006-ல் ஆட்சிக்கு வந்த கலைஞர் அரசு இலவச காஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா காஸ் இணைப்புத் திட்டம் வந்தது. சத்துணவுக் கூடங்களுக்கும் மெல்ல மெல்ல காஸ் வந்து சேர்ந்தது.

இத்தனை ஆண்டுகளும் புகை என்றால் கண் எரிச்சல், இருமல், இளைப்பு என்றுதான் பேசினோம். மூளையைப் பற்றி யாரும் பேசவில்லை. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்கள் நுரையீரல் வழியே ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றிலும் மிகச் சிறியவை மூக்கின் வாசனை நரம்பைப் பிடித்து நேரே மூளைக்குள் ஏறக்கூடும். அங்கே காவல் காக்கும் மைக்ரோகிளியா செல்கள் ஓயாமல் சீறிக்கொண்டிருந்தால், அந்த அழற்சியே பக்கத்து நரம்புச் செல்களை அரிக்கிறது. காற்று மாசு மிகுந்த மெக்சிகோ நகரத்து நாய்களின் மூளையில் இத்தகைய சேதத்தை ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டார்கள். 2020-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கான காரணிகளில் காற்று மாசையும் சேர்த்தது.

நமக்கு நெருக்கமான சான்று கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் இருக்கிறது. பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் சீனிவாசபுர கிராமங்களில் நடுவயதினரையும் முதியவர்களையும் ஆராய்ந்தது. விறகு போன்ற எரிபொருளில் சமைத்தவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்திருந்தது. அவர்களில் பெண்களுக்கு, நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியும் சிறுத்திருந்தது. புகை மட்டுமே காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. வறுமை, படிப்பின்மை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாமே மூளையைத் தொடுகின்றன. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய செய்தி அல்ல இது.

உப்பு போட்டதை மறந்து மறுபடி போடும் ஆயாவைப் பார்த்து “வயசாயிடுச்சு” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் எத்தனை வருஷம் அடுப்பை ஊதினார் என்று யாரும் கேட்பதில்லை.

சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் பின்கட்டில் விறகு மறுபடியும் எரிகிறது. அடுப்பைக் கொடுத்த அரசு, ஏழை வீடு அதைத் தொடர்ந்து எரிக்கும் விலையில் காஸையும் கொடுக்க வேண்டும். விறகை விட முடியாத வீட்டில் அடுப்பைத் திறந்த வெளிக்கு மாற்றுங்கள். மறதி என்று அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனால், அம்மா அடுப்படியில் கழித்த வருஷங்களையும் சொல்லுங்கள்.