டாக்டர்கள் ஓட்டுப் போட்டு "கேடு" என்று சொன்ன ரொட்டி

1/ நேற்று ராத்திரி டியூட்டி முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் மாவு பிசைந்து வைத்தேன். இன்று காலை பிரெஞ்சு ரொட்டி ரெடி. இடம் ஜவ்வாது மலை, அடுப்பு ஒரு பழைய ஓடிஜி. போட்டோ போட்டதும் வந்த முதல் மெசேஜ்: "டாக்டர், மைதா விஷமாச்சே? நீங்களே சாப்பிடலாமா?"

2/ பதில் சொல்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி சுமார் 350 வருசம் பின்னால போகணும். ஏன்னா ஒரு காலத்தில் டாக்டர்களே கூடி உட்கார்ந்து, ரொட்டியில் ஈஸ்ட் போடுவது உடம்புக்குக் கேடு என்று ஓட்டெடுத்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். நிஜமாகத்தான்.

3/ 17-ஆம் நூற்றாண்டு பாரிஸ். சாதாரண ரொட்டிக்குப் பழைய புளித்த மாவைத்தான் சேர்ப்பார்கள். நம்ம வீட்டில் புது தோசை மாவில் பழைய மாவு ஒரு கரண்டி விடுகிற மாதிரி. வசதியானவர்களுக்கு மட்டும் பால் சேர்த்த மெத்து மெத்தென்ற ரொட்டி. அது உப்பி வர, பியர் காய்ச்சும்போது மேலே வரும் நுரையைச் சேர்த்தார்கள். அந்த நுரைதான் ஈஸ்ட்.

4/ இந்த நுரை சேர்க்கலாமா கூடாதா என்று வழக்கு வந்தது. பாரிஸ் மருத்துவப் பள்ளியிடம் கருத்துக் கேட்டார்கள். 1668-ல் டாக்டர்கள் விவாதித்து ஓட்டெடுத்தார்கள். பெரும்பான்மை முடிவு: கேடு. காரணம்? நுரை அழுகலில் பிறந்தது, அதனால் அதில் செய்த ரொட்டியும் அழுகல்தான்.

5/ எதிர்த்தவர்களில் பெரிய பெயர் கீ பத்தேன். அந்தப் பள்ளியின் முன்னாள் டீன், நிறையப் படித்தவர். ஆனால் புதுசாக எது வந்தாலும் பிடிக்காது. இத்தனைக்கும் ஊரில் பல பத்து வருசமாக அந்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆச்சு என்று போய்ப் பார்த்திருந்தாலே பாதி விடை கிடைத்திருக்கும்.

6/ கடைசியில் 1670-ல் பாரிஸ் உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஒரு நிபந்தனை: நுரை புதுசாக இருக்கணும், பாரிஸிலோ பக்கத்திலோ எடுத்ததாக இருக்கணும். தூரத்திலிருந்து கெட்டுப்போய் வருவது கூடாது. மருத்துவம் படிக்காத நீதிபதிகள், படித்தவர்களைவிட நல்ல மருத்துவம் சொன்னார்கள்!

7/ அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1680-ல் லீவன்ஹூக் தன் நுண்ணோக்கியில் ஈஸ்ட்டைப் பார்த்தார். அது உயிர் என்று அவருக்குத் தெரியவில்லை. 1850-களின் கடைசியில் லூயி பாஸ்டர் வந்துதான், நொதித்தல் என்பது அழுகல் இல்லை, உயிருள்ள நுண்ணுயிர் செய்யும் வேலை என்று சோதனை மூலம் காட்டினார். ஓட்டெடுத்து ஏறக்குறைய 190 வருசம் கழித்து.

8/ ஈஸ்ட் செய்வது சின்ன வேலை. மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று கரியமில வாயு விடும். கோதுமையின் குளூட்டன் ரப்பர் வலை மாதிரி அந்த வாயுவைப் பிடித்து வைக்கும். மாவு உப்பும். அடுப்புச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும், ஓட்டைகள் மட்டும் மிஞ்சும். அவ்வளவுதான் விசயம்.

9/ நம்ம பக்கம் இது புதுசா என்ன? கேரளாவிலும் இலங்கையிலும் ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றினார்கள். கோவாவில் போர்த்துக்கீசியர் சொல்லிக்கொடுத்த ரொட்டியும் கள்ளில்தான் உப்பியது. அதே போர்த்துக்கீசியச் சொல்தான் ஈழத்தமிழில் இன்றும் 'பாண்'. பியர் நுரையில் இருப்பதும் கள்ளில் இருப்பதும் ஒரே சாதி ஈஸ்ட்.

10/ பிரெஞ்சுக்காரர்கள் 1674-ல் புதுச்சேரியில் கால் வைத்தார்கள். பாரிஸில் அந்தத் தீர்ப்பு வந்து நாலே வருசம். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கை மாறியது, ரொட்டி மட்டும் போகவில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தப்போ நண்பர்களோடு போய் அங்கேதான் முதல் தடவை சாப்பிட்டேன். மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு, இன்னும் விடவில்லை.

11/ ரொட்டியால் நிஜமாகவே நோய்ப்பட்டது யார் தெரியுமா? அதைச் சுட்டவர்கள். 1700-ல் இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஊர் தூங்கும்போது இவர்கள் வேலை செய்கிறார்கள், மாவுத் தூசியால் இருமலும் மூச்சிரைப்பும் வருகிறது என்று அதில் பதிவு செய்தார். இன்றைக்கு நாங்கள் 'பேக்கர்ஸ் ஆஸ்துமா' என்று படிப்பது அதுதான். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 4 மணி வரை ரொட்டி செய்யக்கூடாது என்று பிரான்ஸில் சட்டம் வரவே 1919 ஆயிற்று.

12/ ரமஸ்ஸினி டாக்டர்களுக்கு ஒரு கேள்வி கற்றுக்கொடுத்தார்: நோயாளியிடம் "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேள். பாரிஸ் டாக்டர்கள் மண்டபத்துக்குள் உட்கார்ந்து கை தூக்கினார்கள். இவர் வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார், கேட்டார். வித்தியாசம் இவ்வளவுதான்.

13/ இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? நானும் மண்டபத்து டாக்டராக இருந்திருக்கிறேன். மலைக்கு வந்த புதுசு. ஒன்றரை வயசுக் குழந்தை, வயிற்றுப்போக்கு, தூக்கி வந்தது ஆயா. ஓஆர்எஸ், துத்தநாக மாத்திரை எழுதிவிட்டு, போகிற போக்கில் சொன்னேன்: "புளிச்சது எதுவும் குடுக்காதீங்க ஆயா."

14/ மூணாம் நாள் திரும்ப வந்தார்கள். குழந்தை துவண்டு கிடந்தது, கண் உள்ளே போயிருந்தது. "சாப்பிட என்ன குடுத்தீங்க?" என்று கேட்டேன். "ஊட்ல இருக்கறதே கூழுதான் சார். அதத்தான் வேணாம்னுட்டீங்களே. வேற என்னத்த குடுக்கறது?" என்றது ஆயா. குரலில் கோபம்கூட இல்லை.

15/ டிரிப்ஸ் ஏற்றினோம், குழந்தை தேறிவிட்டது. ஆனால் அந்த ரெண்டு நாள் பட்டினிக்குக் காரணம் நோய் இல்லை, என் வாய். வயிற்றுப்போக்கிலும் தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக்கூடாது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. சுத்தமான தண்ணீரில் நன்றாகக் காய்ச்சிய கூழ் அந்தக் குழந்தைக்கு உணவு. "வீட்டில் என்ன இருக்கு?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.

16/ சரி, மைதா. "மைதாவில் அலாக்சான் இருக்கு, சர்க்கரை நோய் வரும்" என்று சுற்றுகிற மெசேஜுக்கு வேர் இது: 1943-ல் முயல்களுக்கு அலாக்சான் ஊசி போட்டபோது சர்க்கரை நோய் வந்தது. அது உண்மை. ஆனால் மாவில் யாரும் அலாக்சானைச் சேர்ப்பதில்லை. மனிதக் கணையத்தின் பீட்டா செல்கள் அதற்கு எலி, முயல் அளவுக்குப் பாதிக்கப்படுவதும் இல்லை. மைதா விஷம் இல்லை.

17/ அதுக்காக அமிர்தமும் இல்லை. தவிடு நீக்கிய மாவு, நார்ச்சத்து குறைவு, சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். சர்க்கரை நோயாளிகள் இதைத் தினசரி உணவாக வைக்காதீர்கள். இந்த மலையில் விளையும் சாமைக்குப் பதிலாக ரொட்டி வேண்டவே வேண்டாம். எனக்கு மாசத்தில் ரெண்டு ஞாயிறு, அவ்வளவுதான்.

18/ செய்முறை கேட்டவர்களுக்கு: மைதா 500 கிராம், தண்ணீர் 320 மில்லி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் டீஸ்பூன். பிசைந்து மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். மலைக் குளிரில் வெளியே வைக்கலாம், கீழே ஊர்களில் ஃப்ரிட்ஜில். காலையில் மூன்று நீள உருட்டு, ஒரு மணி நேரம் ஓய்வு, பிளேடால் மேலே கீறல். ஓடிஜி 230 டிகிரி, கீழ்த் தட்டில் கொதிக்கிற தண்ணீர், 25 நிமிடம். அந்த ஆவிதான் மொறுமொறுப்பின் ரகசியம்.

19/ பிபி உள்ளவர்கள் கவனிக்க: ஒரு முழு ரொட்டியில் 3 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முழுசாகத் தின்னாமல் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள்.

20/ அடுத்த தடவை யாராவது, அது டாக்டராகவே இருந்தாலும், "இது விஷம், சாப்பிடாதே" என்று சொன்னால், "எப்படித் தெரியும், யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். நாங்கள் "சாப்பிடாதே" என்று சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டியது: "வீட்டில் வேறு என்ன இருக்கு?" அந்த ஆயா இப்பவும் வருகிறார். போன வாரம் ரொட்டி ஒரு துண்டு கொடுத்தேன். மென்று பார்த்துவிட்டு, "புளிக்க வெச்சியா சார்?" என்று கேட்டுச் சிரித்தார்.