கேவ்ராதலா மயானத்தில் எரிவது எது?

கொல்கத்தாவின் காளிகாட் கோயிலுக்குச் சற்றுத் தெற்கே, ஆதிகங்கைக் கரையில் இருக்கிறது கேவ்ராதலா மயானம். அங்கே விறகுச் சிதையும் உண்டு, மின் தகனமேடையும் உண்டு. புதுப்பிக்கத்தக்க ஆற்றல், புதுப்பிக்க இயலாத ஆற்றல் என்னும் பாடநூல் பாகுபாட்டைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

புகையைக் கண்டதும் விறகைக் குறைசொல்லவும், மின்சாரத்தைத் தூயதென்று கொள்ளவும் பழகிவிட்டோம். சிதைக்கு அடுக்கிய கட்டையைப் பாருங்கள். பட்டை உரியாத அந்த மரம் அதிகம் போனால் சில பத்தாண்டு வெயிலில் வளர்ந்தது. எரியும்போது அது வெளிவிடும் கரியும் அதே பத்தாண்டுகளில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். மின்சூளைக்குள் சிவந்து கனலும் கம்பிச்சுருளின் கதை வேறு. கொல்கத்தாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஹூக்ளிக் கரையிலுள்ள பஜ்பஜ் அனல்மின் நிலையம் மட்டுமே 750 மெகாவாட் திறனுடையது. ராணிகஞ்ச் நிலக்கரியோ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடு.

ஒரு மூலம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதன் பெயர் தீர்மானிப்பதில்லை என்பதே என் வாதம். நாம் எடுக்கும் வேகத்துக்கு இயற்கை ஈடுகொடுக்கிறதா என்று கேட்க வேண்டும். வெட்டியதற்கு ஈடாக மரம் வளராவிட்டால் விறகும் தீர்ந்துபோகும் சரக்குதான். ஓடும் நீருக்கும் இது பொருந்தும். ஆதிகங்கை ஒருகாலத்தில் கங்கையின் முதன்மை வழி. ஆறு திசைமாறி, படுகை தூர்ந்து, இன்று மயானப் படித்துறையருகே கறுத்த கால்வாயாக நிற்கிறது.

மின்சாரத்தை எந்தப் பட்டியலிலும் வைக்க முடியாது. அது ஆற்றலைச் சுமந்துவரும் வண்டி. 1902இல் எஸ்பிளனேடிலிருந்து காளிகாட்டுக்கு மின்சார டிராம் வந்தபோது பக்தர்களை ஏற்றிவந்தது நிலக்கரியே. அதுவரை டிராமை இழுத்த குதிரையின் புல் போய்ச் சுரங்கத்தின் கரி வந்ததை நாம் முன்னேற்றம் என்று மட்டும் எழுதி வைத்தோம். புருலியாவின் 900 மெகாவாட் நீரேற்று நிலையத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். தேவை குறைந்த நேரத்தில் நீரை மேலேற்றி, தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றும் மின்சாரம் அனல்மின் நிலையத்தினுடையது என்றால், இறங்கி வருவதும் நிலக்கரியின் ஆற்றல்தான்; வழியில் கொஞ்சம் இழப்பு வேறு. அதை நீர்மின்சாரக் கணக்கில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நெருக்கமான நகரத்துக்கு மின் தகனமேடையே ஏற்றது. அக்கம்பக்கத்தார் சுவாசிக்கும் காற்றை எண்ணினால் இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கம்பியின் மறுமுனையையும் பார்த்தாக வேண்டும். பீர்பூம் மாவட்டம் தேவ்சா-பாச்சாமியில், தடித்த பசால்ட் பாறைக்கு அடியில் கிடக்கும் நிலக்கரியை எடுக்க மேற்கு வங்க அரசு முனைந்திருக்கிறது. அந்தப் பாறையின்மேல் சந்தால் மக்களின் ஊர்கள் இருக்கின்றன.