பத்தொன்பதில் நின்ற டென்மார்க்

போன வாரம் உங்களை ரியோ ஒலிம்பிக்கில், மூன்றாவது செட்டின் நடுவில் விட்டுவிட்டு வந்தேன். 16–19. இறகுப்பந்து, பெண்கள் இரட்டையர் இறுதிப் போட்டி, ஜப்பானும் டென்மார்க்கும். வாருங்கள், நேராகக் கோர்ட்டுக்கே போய்விடுவோம்.

டென்மார்க்குக்கு இன்னும் இரண்டே புள்ளி.

முதல் செட் 21–18 என்று அவர்களுக்கு. இரண்டாவது 21–9 என்று ஜப்பானுக்கு. இப்போது சர்வீஸும் டென்மார்க் கையில்.

கமில்லா ரூட்டர் யூலுக்கு 32 வயது. இன்னொரு ஒலிம்பிக் வாய்க்குமா என்று யோசிக்க வேண்டிய வயது. அவரும் கிறிஸ்டின்னா பெடர்சனும் அரையிறுதியில் சீன ஜோடியையே சாய்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். 1996 முதல் இந்தத் தங்கத்தைச் சீனா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்தக் கோட்டையை உடைத்தவர்களுக்கு, இரண்டு புள்ளி என்ன பெரிய தூரமா?

இந்தப் பக்கம் ஜப்பானின் அயாகா தகாஹஷி. நாராவிலிருந்து வந்தவர். பின்னால் நின்று ஸ்மாஷ் அடிப்பது அவர் வேலை. முன்னால், நெட்டருகே, தோகுஷிமாவின் மிசாகி மத்ஸுதோமோ. எதிராளி ராக்கெட்டை ஓங்கும்போதே ஷட்டில் எங்கே வரும் என்று கணித்துவிடும் கண் அவருக்கு. இருவரும் சிறுவயதிலேயே வீட்டைவிட்டு செண்டாய் நகரத்துப் பள்ளிக்கு வந்தவர்கள். தகாஹஷி ஒரு வகுப்பு மூத்தவர். பள்ளியில் சேர்ந்த ஜோடி, பிரியவே இல்லை.

பயிற்சியாளர் நாற்காலியில் பார்க் ஜூ-போங். கொரியாக்காரர். பார்சிலோனா ஒலிம்பிக்கில் இரட்டையர் தங்கம் வென்றவர். ஆனால் அட்லாண்டாவை அவரால் மறக்க முடியுமா? கலப்பு இரட்டையர் இறுதியில் முதல் செட்டை ஜெயித்தும், சொந்த நாட்டு ஜோடியிடமே தங்கத்தைக் கோட்டைவிட்டவர் அவர். முன்னால் இருப்பவன் எப்படித் தோற்பான் என்பது அவருக்குப் பாடம் படித்துத் தெரிந்ததல்ல, பட்டுத் தெரிந்தது.

2004-இல் அவர் ஜப்பானுக்கு வந்தபோது வீரர்கள் கம்பெனி அணிகளில் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தார்கள். ஒரே கூரையின் கீழ் சேர்ந்து பயிற்சி செய்யுங்கள் என்று விடாமல் வற்புறுத்தினார். பன்னிரண்டு வருட உழைப்பு இப்போது இந்தச் சில நிமிடங்களில் வந்து நிற்கிறது.

ஆனால் அவரால் ஓடிப்போய்த் தோளைத் தட்ட முடியாது. பதினொன்றாம் புள்ளியின் இடைவேளை எப்போதோ முடிந்துவிட்டது. இனி அவர்கள் இருவர்தான்.

தகாஹஷியின் மனதில் ஓடியது ஒன்றே: தோற்றுவிடுவோமோ? பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

மத்ஸுதோமோவின் மனதில்?

பதக்கம் இல்லை. தோல்வி இல்லை. எதிரில் இருப்பவர்கள் அசந்துபோகும்படி ஒரு அடியாவது அடித்துவிட வேண்டும். அவ்வளவுதான்!

டென்மார்க் சர்வீஸ் போட்டது. ராலியை ஜப்பான் பறித்தது. 17.

மூத்தவர் இளையவரைப் பார்த்தார். அந்த முகத்தில் பதற்றமில்லை. பயந்த மனதுக்கு அதைவிட வேறென்ன மருந்து வேண்டும்? தகாஹஷியின் கையில் பழைய பலம் திரும்பியது.

18.

இப்போது பயம் நெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. ஜெயிக்கத் துடித்த டென்மார்க், தோற்காமலிருக்க ஆடத் தொடங்கியது.

19. சமம்.

20. முதல்முறையாகத் தங்கம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் இந்தப் புள்ளி தவறினால் இருபதுக்கு இருபது; பிறகு இரண்டு புள்ளி முன்னிலையோ முப்பதாவது புள்ளியோ இல்லாமல் ஆட்டம் முடியாது. ஒலிம்பிக்கில் இறகுப்பந்துத் தங்கம் என்ற ஒன்றை ஜப்பான் அதுவரை கண்டதே இல்லை.

அடுத்த புள்ளி.

21–19!

தொடர்ச்சியாக ஐந்து. டென்மார்க் பத்தொன்பதிலேயே நின்றுவிட்டது. தகாஹஷி கதறி அழுதார். பார்க்கின் பன்னிரண்டு வருடத்துக்கும் பலன் கிடைத்தது.

கதை சுபமாக முடிந்தது என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

ஜப்பானில் பார்க் உருவாக்கிய அணி இவர்கள் இருவருக்கு மட்டுமா சொந்தம்? அங்கே இன்னும் இரண்டு ஜோடிகள் வளர்ந்துகொண்டிருந்தன. ஃபுகுஷிமா–ஹிரோதா. மத்ஸுமோதோ–நாகஹாரா. 2018-லும் 2019-லும் உலக சாம்பியன் பட்டத்துக்கான இறுதியில் மோதியது இந்த இரண்டு ஜப்பானிய ஜோடிகளேதான். தங்க மங்கையர் அதில் இல்லை.

அடுத்த ஒலிம்பிக் சொந்த மண்ணில், டோக்கியோவில். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு ஜோடிகள். ஜப்பானிடமோ மூன்று!

போராடிப் பார்க்கலாம் என்று தகாஹஷி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பெருந்தொற்று வந்தது. டோக்கியோ ஒரு வருடம் தள்ளிப்போனது. முப்பது வயது உடம்பு. இன்னும் ஒரு முழு வருடம். தாங்குமா? மனம்தான் தாங்குமா?

பள்ளிப் பருவத்திலிருந்து தன் முன்னால் நின்று ஆடிய தோழியிடம் அவர் ஒரு முடிவைச் சொல்ல வேண்டிய நேரம் நெருங்கியது. ராக்கெட்டைக் கீழே வைக்கப்போவது ஒருவரா, இருவருமா?

அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)